முதல் பக்கத்தில் இல்லாதவர்

நகரப் பொது நூலகத்தில் இருப்புச் சீரமைப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. புத்தகம் வாங்க ஒரு பிரிவும், வாங்கியதை அடுக்க ஒரு பிரிவும் முன்பே இருந்தன. அடுக்கியதை வெளியே தள்ளவும் ஒரு பிரிவு வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு நாள் தோன்றியது. மேலிடத்துக்குத் தோன்றிவிட்டால் நாற்காலி, மேசை, முத்திரை, அலுவலர் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கிவிடும். வேலை மட்டும் உடனே வராது. அதை அவர்களே தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவு தேடிப் பிடித்த வேலை, ஒரு செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் நாவலாசிரியரின் வீட்டுக்கு வந்தது.

"ஐயா, இணையத்தில் எளிதிற் கண்டறிய இயலாத ஆசிரியர்களின் நூல்கள் எவராலும் தேடப்படாதவை எனக் கருதப்படும். அங்ஙனம் கருதப்பட்ட நூல்கள் இம்மாத இறுதியில் கூழாக்கத்துக்கு உட்படுத்தப்படும். தேடுபொறியின் முதல் பக்கத்தில், தெளிவான புகைப்படத்துடன், ஆசிரியர் தோன்றுதல் கட்டாயமாகும். தாங்கள் நன்கொடையாக வழங்கிய ஒன்பது நூல்களும் மேற்படி பட்டியலில் இடம்பெற்றுள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மகிழ்ச்சி அவர்களுடையது அல்ல. அது படிவத்திலேயே அச்சடித்திருந்தது. கூழாக்கம் என்றால் என்னவென்று அடியில் சின்ன எழுத்தில் விளக்கமும் இருந்தது. தாளை ஊறவைத்து, அரைத்து, முட்டை அடுக்கும் அட்டையாக வார்ப்பது. ஒரு நாவலுக்கு ஏறக்குறைய நான்கு அட்டை தேறும் என்று யாரோ சிரத்தையாக எழுதியிருந்தார்கள்.

நாவலாசிரியர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறித்துவைப்பதுதான் உத்தியோகம். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில், வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இருபத்தாறு வருஷத்தில் ஒன்பது நாவல் எழுதியிருக்கிறார். வண்டிகள் ஒழுங்காக வந்திருந்தால் மூன்றோடு நின்றிருக்கும்.

அவற்றை அச்சிட்ட பதிப்பகத்தை மூடி ஆறு வருஷமாயிற்று. தன்னிடம் மிஞ்சியிருந்த கடைசிப் பிரதிகளை அவரே ஒரு நாள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நூலகத்தில் கொடுத்தார். வீட்டில் வைத்தால் கரையான் தின்னும், நூலகம் என்றால் நூறு வருஷம் இருக்கும் என்று நினைத்தார். கரையான் பாவம், முத்திரை குத்திவிட்டுத் தின்பதில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. உலகத்தில் அந்த ஒன்பது நாவலும் ஒன்றாக இப்போது அங்கே மட்டும்தான் இருந்தன.

இணையத்தில் அவர் இல்லை. மறதியால் அல்ல, பிடிவாதத்தால். அவர் எழுத வந்த காலத்தில் எழுத்தாளன் ஒளிந்துகொள்வதுதான் மோஸ்தர். பின்னட்டையில் புகைப்படம் போடுகிறவனைச் சோப்பு விற்க வந்தவனைப் போலப் பார்ப்பார்கள். ஆசிரியர் குறிப்பு கேட்டால் ‘என் எழுத்தே என் குறிப்பு’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வரியை நாலு பேர் கவனித்தார்களா என்று பத்து நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய நண்பர்களில் சிலர் வெகு திறமையாக ஒளிந்தார்கள். கடைசிவரைக்கும் ஒருத்தரும் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. நாவலாசிரியரும் அந்தக் கோஷ்டிதான். அவருடைய ஒன்பது புத்தகத்தின் பின்னட்டையும் துடைத்துவிட்ட தரை மாதிரி இருக்கும்.

அவருடைய மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதையே படித்துவிடுகிறவளுக்குச் சுற்றறிக்கை எல்லாம் எம்மாத்திரம்? நின்றபடியே படித்து முடித்தாள்.

"நாலு வருஷமா தொண்டைத்தண்ணி வத்தச் சொல்றேன். இணையத்துல ஒரு பக்கம் தொடங்குங்க. ஒரு போட்டோ, என்னென்ன புத்தகம், எங்க கிடைக்கும், உங்களை எப்படிப் பிடிக்கறது. நாலே நாலு விஷயம். எங்க கடையில இருமல் மருந்துக்குக்கூட ஒரு பக்கம் இருக்கு."

"எழுத்துதான் பேசணும். எழுத்தாளன் பேசக் கூடாது."

"எங்க இருந்து பேசும்? முட்டைக்கு அடியில இருந்தா?"

அவர் கடிதத்தை மடித்தார்.

"போன வருஷம் ஒரு நர்ஸ் வந்துச்சே, சொன்னேனே. கையில உங்க புத்தகம். பழைய புத்தகக் கடையில கிடைச்சுதாம். இவர் எழுதின மத்ததெல்லாம் எங்க கிடைக்கும்னு ரெண்டு மாசமாத் தேடுதாம், ஒண்ணுமே வரலியாம். ‘அக்கா, இந்த ஆளு உசுரோட இருக்காரா’ன்னு கேட்குது. இருக்கார், நான்தான் அவர் பொண்டாட்டின்னேன். என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு மாத்திரையை வாங்கிட்டுப் போயிட்டுது."

"நல்ல வாசகி" என்றார் நாவலாசிரியர், கொஞ்சம் பெருமையாகவே.

"அவ நல்ல வாசகிதான். உங்களைத்தான் காணோம்."

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அவர் நூலகத்துக்குப் போனார். இருப்புச் சீரமைப்பு அலுவலர் ஒரு பெண்மணி. மிகவும் பணிவானவர். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மேசையின் ஓரத்தில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு புத்தகக் கட்டு இருந்தது. நாவலாசிரியர் அதை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். ஒன்பதும் இருந்தன. கட்டின்மேல் சிவப்பு மையில் ‘கூ’ என்று எழுதியிருந்தது.

"ஆசிரியர் பேரைச் சொல்லுங்க சார்."

சொன்னார். அலுவலர் தட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாரே! முதல் பக்கத்துலயே இருக்காரே!"

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். திரையில் தடித்த மீசையோடு ஒருவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நீல நிறத்தில் வரிசையாகத் தண்ணீர் மோட்டார்கள். கீழே ‘விற்பனை, பழுது நீக்கம், உடனடிச் சேவை’ என்று போட்டிருந்தது.

"இது நான் இல்ல மேடம். என் பேர்ல இருக்கற வேற யாரோ."

"தெரியுது சார். நீங்க இல்லைன்னுதான் நானும் சொல்றேன்."

"நான் இதோ உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கேன்."

"நேர்ல வர்றதை எடுத்துக்க முடியாது சார். நேர்ல யார் வேணா வரலாம்."

"அப்ப எனக்கு எதுக்குத் தபால் அனுப்பினீங்க?"

"அது நன்கொடையாளருக்கு அனுப்பினது. நன்கொடையாளரா உங்களை எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆசிரியராத்தான் தெரியாது."

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் மேடம்."

"பேர் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். அதை வச்சு நாங்க முடிவு பண்ணக் கூடாது" என்றார் அலுவலர், கனிவாக.

நாவலாசிரியர் கட்டைச் சுட்டிக்காட்டினார்.

"நான்தான் எழுதினேன்னு நிரூபிக்கறேன். எந்தப் புத்தகத்தை வேணா எடுங்க. ஏழாவது அத்தியாயத்துல என்ன வருதுன்னு பார்க்காம சொல்றேன்."

"தாராளமாச் சொல்லுங்க சார். ஆனா நீங்க சொல்றது சரின்னு சொல்ல, படிச்ச ஆள் ஒருத்தர் வேணுமே."

அவர் நியாயமான மனுஷி. உடனே தொலைபேசியை எடுத்துக் கொள்முதல் பிரிவைக் கேட்டார். அவர்கள் பின்னட்டையைத்தான் படிப்பார்களாம். இதில் பின்னட்டை காலியாக இருந்ததால் அதையும் படிக்கவில்லையாம். அடுக்கும் பிரிவைக் கேட்டார். அவர்கள் எண்ணை மட்டும்தான் படிப்பார்களாம். ‘புத்தகத்தைத் திறந்து பாருங்களேன்’ என்று நாவலாசிரியர் சொன்னதற்கு, கூழாக்கப் பட்டியலில் ஏறிய நூலைத் திறப்பது சான்றுகளில் கை வைத்ததாக ஆகிவிடும் என்று விதி இருப்பதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தார்.

பிறகு அலுவலருக்கு ஒரு நல்ல எண்ணம் உதித்தது.

"சார், புத்தகங்களைக் காப்பாத்த ஒரு வழி இருக்கு. விதி என்ன கேட்குது? ஆசிரியர் முதல் பக்கத்துல போட்டோவோட இருக்கணும். இருக்கார்."

"யாரு?"

"இவர்தான்."

"மேடம், இவர் மோட்டார் விக்கிறவர்!"

"அது தொழில் சார். மோட்டார் விக்கிறவங்க நாவல் எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடல. நீங்க நன்கொடையாளர்ங்கற முறையில, இவரை ஆசிரியராப் பதிய ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா, இப்பவே கயித்தை அவுத்துடறேன். இல்லைன்னா வெள்ளிக்கிழமை லாரி வருது."

நாவலாசிரியர் கட்டைப் பார்த்தார். நடுவில் இருந்த மூன்றாவது நாவலின் முதுகைக் கயிறு அறுத்திருந்தது. அதை எழுதும்போதுதான் அவருடைய அப்பா இறந்தார். காரியம் எல்லாம் முடிந்து கூண்டுக்குத் திரும்பி வந்து, மிச்சத்தை அழுதுகொண்டே எழுதினார். அதில் முட்டை அடுக்குவார்கள். முதலில் உயிர் பிழைக்கட்டும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: "கையெழுத்தைப் போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"புத்தகம் பிழைச்சுதே."

"உங்களைத்தானே தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க! உட்காருங்க. இப்பவே பக்கம் தொடங்கறோம்."

அவரைச் சுவரோரம் நிறுத்தி அவளே ஒரு புகைப்படம் எடுத்தாள். நன்றாகவே வந்தது. இனி நான்கு வரி ஆசிரியர் குறிப்பு எழுதினால் தீர்ந்தது. அதை நாவலாசிரியரே எழுதித் தருவதாகச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

ஒன்பது நாவல் எழுதிய மனிதருக்கு நான்கு வரி எழுத ஐந்து வாரம் பிடித்தது. முதல் வரைவு தற்பெருமையாக இருந்தது. இரண்டாவது, தற்பெருமை இல்லாததைப் பற்றிய பெருமையாக இருந்தது. ஆறாவது வரைவில் ‘பிறந்தார்’ என்ற சொல்லே ஆடம்பரமாகப் பட்டு அதை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு, பிறக்காதவர் எப்படிப் பணிமனையில் சேர்ந்தார் என்று மனைவி கேட்டாள். பதினான்காவது வரைவை அவள் பிடுங்கிக்கொண்டு போய் இணையப் பக்கத்தில் போட்டாள்.

பக்கம் ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தது. அதற்குள் வெளியே காரியம் கைமீறிப் போயிருந்தது.

நூலகம் மோட்டார்காரருக்கு ‘கண்டறியத்தக்க படைப்பாளர்’ என்று சட்டம் போட்ட சான்றிதழ் அனுப்பியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவருடைய கடைக்குப் போனார்கள். மோட்டார்காரர் நேர்மையான ஆள். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார்: "நான் எங்கங்க எழுதறேன்? நான் ரிப்பேர்தான் பண்றேன்."

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. ‘நான் எழுதுவதில்லை, பழுது நீக்குகிறேன்.’ அந்த ஒரு வாக்கியத்தை வைத்து விமரிசகர்கள் நாலு வாரம் ஓட்டினார்கள். சமுதாயத்தின் பழுதை நீக்குவது என்றார் ஒருவர். மொழியின் பழுதை என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை, பழுது என்ற கருத்தையே நீக்குவது என்று மூன்றாமவர் சொன்னதும் மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். நாவல்களைப் பற்றி மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் படிக்க வேண்டியிருக்கும்.

அதுவரைக்கும் எழுத்தாளர்கள் மோவாயில் கை வைத்து ஜன்னலைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் மோவாயை விட்டுவிட்டார்கள். இப்போது கைகட்டி, இயந்திரத்துக்கு முன்னால் நின்று சிரிக்க வேண்டும். இயந்திரம் கிடைக்காத கவிஞர் ஒருவர் தையல் மெஷினுக்கு முன்னால் நின்றார். இன்னொருவர் மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார். முகத்தில் லேசாகக் கிரீஸ் தடவிக்கொள்வது எப்படி என்று ஒரு நாள் பயிலரங்கம்கூட நடந்தது. இடம் கிடைக்காமல் பலர் திரும்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் நாவலாசிரியரின் பக்கம் வந்தது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. ‘புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருப்பதால் இப்பக்கம் நீக்கப்பட்டது.’

அவர் நேரே மோட்டார் கடைக்குப் போனார். சண்டை போடத்தான் போனார். கடைக்காரர் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். இவர் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், சத்தியமா நான் எதையும் கேட்கல. ஸ்கூல்ல லீவ் லெட்டரே என் அண்ணன்தான் எழுதிக் கொடுப்பான். நான் எழுதலைன்னு நூலகத்துக்கு மூணு கடிதம் போட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"‘தன்னடக்கம் பதிவு செய்யப்பட்டது’ன்னு பதில் வந்திருக்கு."

நாவலாசிரியருக்குக் கோபம் வற்றிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க மட்டும் எப்படிங்க முதல் பக்கத்துல வந்தீங்க?"

"அதுல என்ன சார் இருக்கு? மேல ஏறாம தண்ணி நின்னு போச்சுன்னா ஜனங்க என்ன பண்ணும்? தேடும். தேடும்போது நான் கிடைக்கணும். கிடைக்கலைன்னா எனக்கு நஷ்டம் இருக்கட்டும், அவங்க குளிக்காம நிப்பாங்களே! அதான் ஒரு போட்டோ, போன் நம்பர், வழி, எல்லாம் போட்டு வச்சேன். நம்ம பெருமைக்கா போடறோம்? தேடறவங்களுக்குத்தானே."

இதையே நான்கு வருஷமாக வீட்டில் கேட்டவர்தான். வீட்டில் சொன்னால் நச்சரிப்பு, வெளியே சொன்னால் ஞானம் என்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. ரெண்டு மாதம் தேடிய நர்ஸ் அவர் நினைவுக்கு வந்தாள். முதல் தடவையாக அவருக்கு அதில் பெருமை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"இன்னொண்ணு சார்" என்றார் மோட்டார்காரர் தயங்கிக்கொண்டே. "வர்றவங்க ஏதாவது கேட்டா முழிக்கக் கூடாதேன்னு ஒன்பதையும் நூலகத்துல இருந்து எடுத்து வந்து படிச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் கேட்கல, அது வேற. ஆனா அந்த மூணாவது புத்தகத்துல, அப்பா போனப்புறம் அந்தப் பையன் அவரோட செருப்பைப் போட்டுட்டு வேலைக்குப் போறான் பாருங்க. ரெண்டு நாள் எனக்குக் கையில ஸ்பேனர் நிக்கல சார்."

நாவலாசிரியருக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுத்தைப் பற்றி அவரிடமே ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும், அவருடைய பெயரை வைத்துக்கொண்டிருக்கிற மனிதர்!

அவரிடம் பத்தாவது நாவல் ஒன்று தயாராக இருந்தது. இதாவது என் பெயரில், என் முகத்தோடு வரட்டும் என்று முடிவு கட்டினார். ஒளிந்தது போதும். கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு, ஊரில் அப்போது பெரிதாகப் பேசப்பட்ட இளம் பதிப்பாளரிடம் போனார். பதிப்பாளர் முதல் பக்கத்தில் பத்து வரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது அப்படியே மோட்டார் ஐயாவோட நடை."

"அது என் நடைங்க."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆள். அவர்கிட்ட இருக்கற அந்தக் கிரீஸ் வாசனை உங்ககிட்ட இல்ல. சரி, உங்களை எத்தனை பேர் பின்தொடர்றாங்க?"

"என்னையா?" நாவலாசிரியர் யோசித்தார். "டிப்போவுல ஒரு நாய் வரும்."

பதிப்பாளர் கைப்பிரதியை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்டு மோட்டார்காரருக்கு ரத்தம் கொதித்தது. "கொண்டாங்க சார் அதை. நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன். வாங்கி அச்சடிக்கட்டும். வெளியீட்டு விழாவுல மைக்கைப் பிடிச்சு, எழுதினது இவர்தான்னு உங்களைக் காட்டறேன். அத்தனை பேர் முன்னாடி சொன்னா எப்படி நம்பாமப் போவாங்க?"

அவர் கொடுத்ததும் பதிப்பாளர் படிக்காமலே வாங்கிக்கொண்டார். மோட்டார்காரர் இன்னொரு காரியமும் செய்தார். மருந்துக்கடைக்குப் போய் நாவலாசிரியரின் மனைவியைப் பார்த்து, அவள் எடுத்த அந்தப் புகைப்படத்தையும் நான்கு வரிக் குறிப்பையும் கேட்டு வாங்கினார். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அது வர வேண்டும் என்று அச்சகத்தில் கூடவே நின்று போட வைத்தார். பெயர், படம், பணிமனை, தொலைபேசி எண், ஒன்பது நாவல்களின் பட்டியல், எல்லாம் முழுப் பக்கத்துக்கு. பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, ‘ஐயாவின் அடுத்த சோதனை முயற்சி’ என்று வியந்தார்.

"அவர்கிட்ட இப்பச் சொல்லாதீங்கம்மா. விழாவுல திறந்து பார்க்கட்டும்" என்று மோட்டார்காரர் கேட்டுக்கொண்டார். அவளும் சொல்லவில்லை. விழா அன்று கடையில் வேறு ஆள் இல்லாததால் அவளால் போகவும் முடியவில்லை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "தைரியமா நில்லுங்க. கூப்பிட்டா எழுந்திருங்க, ஒளியாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அரங்கம் நிறைந்து வழிந்தது. வாசலில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். மேடையில் பதிப்பாளரும் இருப்புச் சீரமைப்பு அலுவலரும் மூன்று விமரிசகர்களும் இருந்தார்கள். விமரிசகர்களின் கன்னத்தில் லேசாகக் கிரீஸ் இருந்தது. நாவலாசிரியர் நான்காவது வரிசையில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மோட்டார்காரர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். எழுதிவைத்துப் படிக்கவில்லை. நேராகச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் புத்தகத்தையும் சரி, அதுக்கு முன்னாடி வந்த ஒன்பதையும் சரி, எழுதினது நான் இல்லீங்க. அதோ, நாலாவது வரிசையில, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான் எழுதினார். பஸ் டிப்போவுல நேரம் குறிக்கறவர். பேர் ஒண்ணாப் போனதால வந்த குழப்பம் இது. சார், எழுந்திருங்க."

நாவலாசிரியர் எழுந்து நின்றார். முந்நூறு தலைகள் அவர் பக்கம் திரும்பின. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒளியாமல் நின்றார். அது நன்றாக இருந்தது என்பதுதான் உண்மை.

பிறகு முந்நூறு பேரும் கைபேசியை எடுத்தார்கள். பெயரைத் தட்டினார்கள். முதல் பக்கம் வந்தது. அதில் மீசைக்காரர் மோட்டார்களுக்கு முன்னால் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார்கள், மேடையைப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயிற்று. அலுவலர் தம்முடைய கைபேசியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சரிபார்த்துத் தலையசைத்தார்.

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் முதல் விமரிசகர், தழுதழுத்த குரலில். "தன் புகழை முகம் தெரியாத ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கிறாரே!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மோட்டார்காரர் மேடையில், "முதல் பக்கத்தைத் திறங்க, அதுல எல்லாம் போட்டிருக்கு" என்று கத்தினார். கைதட்டலில் அது பலருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களும் கைபேசியில் முதல் பக்கத்தை இன்னொரு தடவை திறந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் நல்ல மனிதர். நாவலாசிரியரின் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்காரவைத்து, தம்முடைய கைபேசியைக் காட்டினார்.

"பாருங்க சார், நீங்க இதுல இல்லையே."

நாவலாசிரியர் பார்த்தார். ஒருவேளை தள்ளிப் பார்த்தால் இருக்குமோ என்று தம்முடைய கைபேசியையும் எடுத்தார். இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம், ஒன்பதாவது பக்கம்வரை போனார். மோட்டார், மோட்டார், மிக்ஸி, மோட்டார். சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்தால் பொறாமை என்று நினைப்பார்களே என்று அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் ஆவல்.

"புத்தகத்தைத் திறந்து பார்த்தீங்களா?"

நாவலாசிரியர் அதைத் திறக்காமலே கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"எதுக்குத் திறக்கணும்? அங்கயே தேடிப் பார்த்துட்டேன். நான் எழுதலையாம்."